தோள் ஏறிடுச்சு, இறக்குங்க

ஜனவரி 9

டீச்சருக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மாட்டேன். கோபமாக இருக்கிறேன். கட்டைவிரல் வலிப்பதால் சுருக்கமாகத்தான் திட்ட முடியும். அது உங்கள் அதிர்ஷ்டம்.

நான்தான், தையல்கார அக்கா. கதவோரத்து நாற்காலி, கழுத்து வலி. மறந்திருக்க மாட்டீர்கள் என்றாலும் சொல்லி வைக்கிறேன். எங்களை விட்டுப் போவது உங்களுக்கு அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறதே, மறப்பதும் சுலபமாக இருக்கலாம்.

திங்கட்கிழமை வழக்கம்போல யோகா வகுப்புக்கு வலிக்காரர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியின் பின்பக்க அறைக்கு வந்துவிட்டோம். நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் வைக்கும் போர்வைச் சுருட்டுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. நீங்கள் மட்டும் இல்லை. "பஸ் கிடைச்சிருக்காது"ன்னு டிரைவர் அண்ணன் சொன்னார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி இடுப்பைத் தொலைத்தவர், பஸ்ஸைத்தானே குறை சொல்வார். லைப்ரரி சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "இந்தக் கடிகாரமே மெதுவாத்தான் ஓடுது, டீச்சர் இதையும் தோக்கடிச்சுட்டாங்க" என்றார். சிரித்தோம். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் ஆபீஸ் பெண் எட்டிப் பார்த்து, "அவங்க வேலைய விட்டுட்டாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டாள்.

உங்ககிட்ட சொல்லலையா. அந்தக் கேள்விக்கு முன்னால் நாங்கள் அத்தனை பேரும் திருதிருவென்று முழித்தோம்.

வகுப்பில் நீங்கள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். "வலி தாங்கலைன்னா நடுவுல எழுந்து போங்க, தப்பே இல்ல. ஆனா கையைத் தூக்கிட்டுப் போங்க. சொல்லாம போனா மத்தவங்க மனசு பதறும்." எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது.

உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. ஆபீஸ் பெண்ணுக்கு இரண்டு உடுப்புகளை இலவசமாகப் பிடித்துத் தைத்துத் தருகிறேன் என்று லஞ்சம் பேசி இந்த விலாசத்தை வாங்கினேன். எப்போது வருகிறீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள், போதும்.

இப்படிக்கு,
இறக்க வேண்டிய தோள்களோடு,
தையல்கார அக்கா


ஜனவரி 20

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டியதெல்லாம் நியாயம்.

குடும்பக் காரணங்களால் உடனே கிளம்ப வேண்டியதாகிவிட்டது. இப்போது தம்பி வீட்டில் இருக்கிறேன். திரும்பி வருவதாக இல்லை.

வகுப்பை நீங்களே நடத்தலாம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வரிசை உங்களுக்கு மனப்பாடம். முதலில் பாதம் தரையில் படுவதை உணரச் சொல்லுங்கள். பிறகு மூச்சு. உள்ளே இழுப்பது எப்படியோ போகட்டும், வெளியே விடுவது நிதானமாக இருக்கட்டும். பிறகு கணுக்கால், தோள், கழுத்து. கடைசியில் படுக்க முடிந்தவர்கள் படுக்கட்டும், முடியாதவர்கள் நாற்காலியிலேயே சாய்ந்துகொள்ளட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒருவரால் எவ்வளவு முடியுமோ அதில் பாதி தூரம்தான் போக வேண்டும். மீதிப் பாதி அவர் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

டீச்சர்


பிப்ரவரி 6

டீச்சருக்கு,

குடும்பக் காரணமாம். உங்களுக்கு ஒரு தம்பி இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். இத்தனை நாளில் எங்கள் வீட்டுக் கதைகளை எல்லாம் கேட்டீர்கள், என் மகள் போனில் மூன்று வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்பதுவரை உங்களுக்குத் தெரியும். உங்களைப் பற்றி நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது.

அது கிடக்கட்டும். உங்கள் பேச்சைக் கேட்டு டீச்சர் ஆனேன். ஆன கதையைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அளவு. விரற்கடை குறைந்தாலும் பிரித்துத் தைக்கிறவள் நான். பாதி தூரம் என்று வாய் சொல்கிறது, கண் கேட்க மாட்டேன் என்கிறது. டிரைவர் அண்ணன் கை முழங்காலைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் குனிந்தால் கணுக்காலைத் தொட்டுவிடுமே என்று தோன்றியது. "இன்னும் கொஞ்சம் அண்ணா, இன்னும் கொஞ்சம்"ன்னு சொல்லிவிட்டேன். அவரும் மரியாதைக்குக் குனிந்தார். மறுநாள் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அப்புறம் வகுப்புக்கு வந்தவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. "பரவால்லம்மா, நமக்கு யாரு வாய்ச்சாங்க"ன்னு சொல்லி, தன் போனை எடுத்து உங்கள் நாற்காலியில் வைத்தார். வீட்டில் செய்துபார்ப்பதற்காக ஒரு நாள் வகுப்பை முழுசாகப் பதிவு செய்து கொடுத்தீர்களே, அது அவரிடம் இருக்கிறது.

இப்போது உங்கள் குரல்தான் வகுப்பு நடத்துகிறது. அன்று சொன்னதையே தினமும் சொல்கிறது. "டிரைவர் அண்ணா, மூச்சை அடக்காதீங்க." "அக்கா, தோள் ஏறிடுச்சு, இறக்குங்க." "லைப்ரரி சார், கண்ணைத் திறக்காதீங்க, கடிகாரத்தை நான் பாத்துக்கறேன்."

ஒரு கூத்தைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. டிரைவர் அண்ணனின் மூச்சு இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடம் வரும்போது வேண்டுமென்றே அடக்கிக்கொள்கிறார். நான் கண்ணை லேசாகத் திறந்து பார்த்துவிட்டேன். கன்னம் உப்ப, உங்கள் திட்டுக்காகக் காத்திருக்கிறார். நீங்கள் சொன்னதும் புஸ்ஸென்று விடுகிறார், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. லைப்ரரி சாரும் சரியாக அந்த நேரத்தில் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்க்கிறார். என் தோளைப் பற்றிக் கேட்காதீர்கள். தானாக ஏறுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எங்களை யாரும் திட்டுவதில்லை டீச்சர். வலிக்காரர்களிடம் பேசவே பயப்படுகிறார்கள். நான் கதவைத் திறந்து உள்ளே போனால் துணி மூடிய மெஷினும் நானும்தான்.

வந்துவிடுங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். உங்கள் கையெழுத்து ஏன் இப்படிக் கோணிக்கொண்டு போகிறது? பலகையில் முத்து முத்தாக எழுதுவீர்களே?

தையல்கார அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

தயவுசெய்து அந்தப் பதிவைப் போட வேண்டாம். டிரைவர் அண்ணனிடம் அழித்துவிடச் சொல்லுங்கள். செத்துப்போனவர்களின் குரலைப் போட்டுக் கேட்பதுபோல இருக்கிறது நீங்கள் எழுதியிருப்பது. அதில் பேசுகிறவளை எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் தெரிந்தவள்போலப் பேசுகிறாள்.

கடிதத்தை ரயிலில் எழுதினேன், அதனால் எழுத்து கோணியிருக்கும்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. தம்பியும் அவன் மனைவியும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார்கள். நல்லவர்கள். என் அறை ஜன்னலுக்கு நேரே அடுத்த கட்டடத்தின் சுவர். பகலில் ஃப்ரிட்ஜ் ஓடுவதும் நிற்பதும் கேட்கும். நின்ற பிறகு எப்போது மறுபடி ஓடும் என்று காத்திருப்பேன். சாப்பிடும்போது தம்பி, "உனக்கென்ன அக்கா, யோகா தெரிஞ்சவ, மனசைக் கட்டி வச்சிருப்ப" என்பான். நானும் தலையாட்டுவேன்.

வகுப்பை நடத்துங்கள். நானில்லாமல் நடத்துங்கள். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

டீச்சர்


மார்ச் 4

டீச்சருக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

லைப்ரரி சார் போய்விட்டார். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வந்து, கடிகாரத்தைக் கேலி செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். ஞாயிறு காலை எழுந்திருக்கவில்லை. வலியால் இல்லையாம், இதயமாம். இத்தனை வருஷம் முதுகும் முழங்காலும் அவரைப் படுத்திய பாட்டுக்கு, கடைசியில் ஒரு சத்தமும் போடாதது வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது.

திங்கட்கிழமை வகுப்பை நிறுத்திவிடலாமா என்று பார்த்தோம். வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் நடத்தினோம். ஆமாம், உங்கள் பதிவைத்தான் போட்டோம். அழிக்கவில்லை. அழிக்கவும் மாட்டோம்.

அந்த இடம் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். போனை நிறுத்தியிருக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தேன். நிறுத்தவில்லை. "லைப்ரரி சார், கண்ணைத் திறக்காதீங்க, கடிகாரத்தை நான் பாத்துக்கறேன்." நான் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தால் டிரைவர் அண்ணனும் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லோருமே. அவருக்காக எல்லோரும் பார்த்தோம்.

செத்தவர்களின் குரல் என்று எழுதினீர்கள். குரல் உயிரோடுதான் இருக்கிறது டீச்சர், கேட்க வேண்டியவர்தான் இல்லை. அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. போன மாதம் சாரிடம் உங்களைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். "அவங்க ஏன் போனாங்கன்னு எனக்குத் தெரியும்"னார். என்ன என்று கேட்டேன். "கடிகாரத்தைப் பாக்கறவனுக்குத்தான் அதெல்லாம் தெரியும்"னு சிரித்தார். வழக்கமான கிண்டல் என்று விட்டுவிட்டேன். இப்போது கேட்க ஆள் இல்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன். ஏன் போனீர்கள்?

அக்கா


மார்ச் 15

அக்கா,

சாருக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருந்தேன். இனி உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

போன வருஷம் மழை தொடங்கியபோது எனக்கு இடுப்பில் வலி வந்தது. பிறகு விரல் மூட்டுகள். பார்க்க வேண்டிய டாக்டர்களை எல்லாம் பார்த்தேன். "இது முழுசா போகாது, இதோட இருக்கப் பழகிக்கணும்" என்றார் ஒருவர். உங்களிடம் நான் தினமும் சொல்கிற அதே வார்த்தைகள். அவர் சொன்னபோது எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது.

வகுப்புக்கு முன்னால் கழிப்பறைக் கண்ணாடியில் முகத்தைச் சரிசெய்துகொண்டுதான் உள்ளே வருவேன். செய்துகாட்டுவதைக் குறைத்து, வெறும் வாயால் சொல்ல ஆரம்பித்தேன். நீங்கள் எல்லோரும் கண்ணை மூடிய பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த ஒரு நேரம்தான் எனக்கு ஓய்வு. பதிவு செய்த அன்று திரும்பிப் பார்த்தால் சார் கண்ணைத் திறந்திருக்கிறார். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை அக்கா. சுவரைப் பிடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் அவசரமாக, கண்ணைத் திறக்காதீங்க என்றேன். அவர் மூடிக்கொண்டார். வகுப்பு முடிந்ததும் என் பக்கத்தில் வந்து, "நீங்களும் உக்காரலாமே"ன்னு மெல்லச் சொன்னார். கேட்காததுபோலப் போர்வைகளை மடித்தேன்.

உங்கள் தோளை இறக்கச் சொன்னேனே, அப்போது என் தோள்தான் காது வரை ஏறியிருந்தது.

நான் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் எனக்கே செய்துபார்த்தேன். தனியாக, இந்த அறையில், நாற்காலியில் உட்கார்ந்து. பாதி தூரம் போகச் சொல்லி எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், கேட்க மாட்டேன். மூச்சை விடச் சொல்வேன், விட மாட்டேன். எனக்கே பலிக்காததை வைத்துக்கொண்டு உங்கள் முன்னால் எந்த முகத்தோடு நிற்பேன்? வெட்கமாக இருந்தது. அதுதான் காரணம், வேறு குடும்பக் காரணம் எதுவும் இல்லை. கடிதத்தையும் ரயிலில் எழுதவில்லை. விரல் அப்படி.

நடுவில் எழுந்து போகிறவர்கள் கையைத் தூக்க வேண்டும் என்றேன். நான் தூக்கவில்லை. இதோ இப்போது தூக்குகிறேன்.

டீச்சர்


ஏப்ரல் 2

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். துணியை எடுக்கவே இல்லை. கோபம் வந்தது. உங்கள் மேல் கொஞ்சம், எங்கள் மேல் நிறைய. அத்தனை பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம், கண்ணை மூடச் சொன்னதும் சமர்த்தாக மூடிக்கொண்டோம். அந்த மனிதர் ஒருத்தர்தான் திறந்து பார்த்திருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். தபால் பிரிக்கும் இடத்தில் வேலை, கையில் அடிபட்டு ஆறின பிறகும் வலி போகவில்லை. சின்ன வயசு. மெஷின் சத்தத்தில் வளர்ந்த என் மகளைப் போலவே அதிகம் பேசுவதில்லை. அவளையும் உட்காரவைத்து உங்கள் பதிவைப் போட்டோம். டிரைவர் அண்ணன் திட்டு வாங்கினார், நான் வாங்கினேன், சாருக்காகக் கடிகாரத்தைப் பார்த்தோம். முடிந்ததும் அவள் என்னிடம் வந்து, "அந்த டீச்சர் என்னை ஒண்ணுமே சொல்லலையே. நான் சரியா பண்ணிட்டேனா, இல்ல நான் இருக்கறதே அவங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டாள்.

நாளைக்கும் வாங்க என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

மறுநாள் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டேன். டிரைவர் அண்ணன் முகம் தொங்கிப்போனது. நான் வாயைத் திறந்தால் தவளைச் சத்தம் வருகிறது. பாதம் தரையில் என்றேன், மூச்சு என்றேன். கண்ணை மூடச் சொல்லவில்லை. விருப்பப்பட்டவர்கள் மூடுங்கள் என்றேன், நான் மூட மாட்டேன் என்றேன். பார்த்துக்கொண்டே போனேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "தங்கச்சி, தாடையை விடுங்க"ன்னேன். விட்டாள். விட்டதும் பொலபொலவென்று அழுதாள். அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை, நாங்களும் வகுப்பை நிறுத்தவில்லை. பாதி தூரம்தான் போனோம். என் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

டிரைவர் அண்ணன் கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டுவிட்டார். இப்போது சரியான நேரம் காட்டுகிறது. ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை.

உங்களை வரச் சொல்லி இனி கேட்க மாட்டேன். உங்கள் நாற்காலியை முன்னால் தனியாகப் போடுவதில்லை, வட்டத்துக்குள்ளேயே, எனக்கும் தங்கச்சிக்கும் நடுவில் போட்டிருக்கிறோம். அங்கே உட்கார்ந்தால் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இதோடு ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதீர்கள். இந்தச் செவ்வாய்க்கிழமை நான் நடத்திய வகுப்பை அதில் பதிவு செய்திருக்கிறேன். டிரைவர் அண்ணனின் இருமலையும் பொறுத்துக்கொண்டு கேளுங்கள். எல்லோரையும் பார்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். உங்களைப் பார்க்க முடியவில்லை, குத்துமதிப்பாகத்தான் சொன்னேன். தையல்காரி கண் அவ்வளவாகத் தப்பாது.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

தம்பியின் பழைய போனில் கார்டைப் போட்டேன். வீட்டில் யாரும் இல்லை. சமையலறையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து, சுவரைப் பார்த்த அந்த ஜன்னலருகே போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் நீங்கள் எல்லோரும் நாற்காலிகளை இழுக்கிற சத்தம். அந்த ஒரு சத்தத்துக்கே நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டியிருந்தது. பிறகு உங்கள் குரல். அக்கா, நீங்கள் அளவு சொல்வதுபோலத்தான் யோகா சொல்கிறீர்கள். "கழுத்து இடது பக்கம், கொஞ்சம், போதும்." நான் இத்தனை வருஷம் வளைத்து வளைத்துச் சொன்னதை ஒரு 'போதும்' சொல்லி முடித்துவிட்டீர்கள்.

டிரைவர் அண்ணனின் மூச்சைச் சொன்னீர்கள். தங்கச்சியின் தாடையைச் சொன்னீர்கள். டிரைவர் அண்ணன் இருமினார். பிறகு, "டீச்சர், தோள் ஏறிடுச்சு, இறக்குங்க" என்றீர்கள்.

ஏறித்தான் இருந்தது.

இறக்கினேன். வலி போகவில்லை. அப்படியேதான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வீட்டுக்கு வந்த பிறகு என்னைப் பார்த்து யாரும் ஒன்றும் சொன்னதில்லை அக்கா. அத்தனை தூரத்திலிருந்து, குத்துமதிப்பாக, நீங்கள்தான் சொன்னீர்கள். வெகுநேரம் அழுதேன். சாயங்காலம் தம்பி வந்து, கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டான். இடுப்பு வலிக்கிறது என்றேன். அவனிடம் முதல் தடவையாகச் சொல்கிறேன். என்ன செய்வது என்று தெரியாமல் அவன் கதவருகிலேயே நின்றான். அப்புறம் இன்னொரு நாற்காலியை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு அதுதான் வரும்.

அந்த நாற்காலிக்கு நான் எப்போது வருவேன் என்று தெரியாது. ரயிலில் அவ்வளவு நேரம் உட்காருவது இப்போதைக்கு ஆகாத காரியம். எடுத்துவிடாதீர்கள் என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் கேட்கிறேன்.

தினமும் அவர்கள் வேலைக்குப் போனதும் உங்கள் பதிவைப் போடுகிறேன். பாதி தூரம் போகிறேன், போதும் என்கிறீர்கள், நிறுத்திக்கொள்கிறேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்கிறேன். டிரைவர் அண்ணன் இருமுகிற இடம் வந்ததும் மட்டும், இறங்கியிருக்கும் தோளை நானே காது வரை ஏற்றிவைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

டீச்சர்